ஒரே கப்பலில் எல்லோரும்: ரொஜர் வில்லியம்ஸின் வாழ்வு சொல்லும் பாடம்

மதமும் அரசும் வேறுவேறாக இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். அது மார்க்கப் பற்று இல்லாதவர்களின் கோரிக்கை, இறைநம்பிக்கையைப் பொது வாழ்விலிருந்து துடைத்தெறியும் முயற்சி என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சில நாடுகளில் அந்தப் பெயரால் நடந்தவற்றைப் பார்த்தால் அந்த அச்சத்தை முற்றிலும் தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கொள்கையை ஓர் ஆட்சியின் அடித்தளமாக்கிக் காட்டிய ஆரம்பகால மனிதர்களில் முக்கியமானவர் நாத்திகர் அல்லர். அவர் ஒரு கிறிஸ்தவ மதபோதகர். தன் காலத்துப் பக்திமான்களைக்கூட போதிய தூய்மை இல்லாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த அளவுக்குக் கண்டிப்பானவர். அவர்தான் ரொஜர் வில்லியம்ஸ். இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் ஸ்தாபகர்.

அரசாங்கம் மதத்தில் கைவைக்கக் கூடாது என்று அவர் வாதிட்டது மதம் முக்கியமற்றது என்பதற்காக அல்ல. அரசின் கைபட்டு அழுக்காகிவிடக் கூடாத அளவுக்கு அது முக்கியமானது என்பதற்காக. சிறுபான்மையாக வாழும் எந்தச் சமூகமும் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

லண்டனில் ஒரு பிள்ளைப் பருவம்

வில்லியம்ஸ் 1603 ஆம் ஆண்டளவில் லண்டனில் பிறந்தார். தந்தை ஒரு வணிகர். அவர்களுடைய வீடு ஸ்மித்ஃபீல்ட் பகுதியில் இருந்தது. சந்தைக்குப் பெயர்போன அந்த இடத்தில்தான் மதத் துரோகிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்களை உயிரோடு எரிப்பதும் வழக்கமாக இருந்தது. 1612 இல், வில்லியம்ஸுக்கு ஒன்பது வயதளவில், பார்த்தலோமியு லெகேட் என்பவர் தன் நம்பிக்கைக்காக அங்கே எரிக்கப்பட்டார்.

அன்றைய இங்கிலாந்தில் மன்னரே திருச்சபையின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தேவாலயத்துக்குச் செல்வது சட்டப்படியான கடமை. தவறினால் அபராதம். முந்திய நூற்றாண்டில் மன்னர் மாறும்போதெல்லாம் நாட்டின் மதமும் மாறியது. ஒரு மன்னரின் காலத்தில் கத்தோலிக்கர் கொல்லப்பட்டனர். அடுத்தவரின் காலத்தில் புரொட்டஸ்தாந்தினர் எரிக்கப்பட்டனர். நேற்று பக்தி எனப்பட்டது இன்று குற்றமாகியது.

சிறுவன் வில்லியம்ஸுக்குச் சுருக்கெழுத்து தெரிந்திருந்தது. அந்தத் திறமையைக் கண்ட பிரபல சட்ட அறிஞர் சேர் எட்வர்ட் கோக் அவரைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு, நல்ல பாடசாலையில் படிக்கவும் வழிசெய்தார். மன்னரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே என்று மன்னரிடமே வாதிட்டவர் கோக். அவர் அருகிலிருந்து நீதிமன்றப் பேச்சுகளைக் குறிப்பெடுத்த காலம் வில்லியம்ஸின் மனதில் ஆழமாகப் பதிந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் படித்து 1627 இல் பட்டம் பெற்றார். மதபோதகரானார். 1629 இல் மேரி பார்னாடைத் திருமணம் செய்தார்.

அப்போது அரச திருச்சபையின் சடங்குகளை ஏற்க மறுத்த பியூரிட்டன்கள் மீது நெருக்கடி அதிகரித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து அமெரிக்கக் கரைக்குச் செல்லத் தொடங்கினர். வில்லியம்ஸ் தம்பதியும் 1630 டிசம்பரில் கப்பலேறி 1631 பெப்ரவரியில் மசாசுசெட்ஸ் குடியேற்றத்தை அடைந்தனர்.

ஒடுக்கப்பட்டவர்களே ஒடுக்கியபோது

இங்கேதான் கதையின் கசப்பான பகுதி ஆரம்பிக்கிறது. மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள் அந்தச் சுதந்திரத்தைப் பிறருக்குக் கொடுக்கத் தயாராக இருக்கவில்லை. மசாசுசெட்ஸில் திருச்சபை உறுப்பினராக இருந்தவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை என 1631 இலேயே சட்டமானது. வழிபாட்டுக்கு வராதவர்களை நீதவான்கள் தண்டிக்கலாம். தாம் கண்ட உண்மையைப் பாதுகாப்பது அரசின் கடமை என்று அவர்கள் மனதார நம்பினார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்கள் கையில் அதிகாரம் வந்ததும் தாங்கள் பட்ட வேதனையின் காரணத்தை மறந்துவிட்ட சாதாரண மனிதர்கள்.

பொஸ்டன் தேவாலயம் இளம் போதகர் வில்லியம்ஸை வரவேற்றுப் பெரிய பதவியைக் கொடுக்க முன்வந்தது. அந்தச் சபை இங்கிலாந்துத் திருச்சபையுடனான தொடர்பை முழுமையாகத் துண்டிக்கவில்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். சேலம், பிளைமவுத், மீண்டும் சேலம் என்று இடம் மாறிப் போதித்தார். போன இடமெல்லாம் ஆட்சியாளர்களுக்கு ஒவ்வாத கருத்துகளைச் சொன்னார்.

இறைவனுக்கு மனிதன் செய்ய வேண்டிய கடமைகளில் நீதவானுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்றார். கொலை, களவு போன்ற, மனிதனுக்கு மனிதன் செய்யும் அநீதிகளை அரசு தண்டிக்கலாம். வழிபாடு, நம்பிக்கை, ஓய்வுநாள் ஆகியவற்றில் தலையிட முடியாது. நம்பிக்கை இல்லாதவரை இறைவன் பெயரால் சத்தியப்பிரமாணம் செய்ய வற்புறுத்துவது அந்தப் பெயரையே அவமதிப்பதாகும் என்றார். இவற்றோடு இன்னொன்றையும் சொன்னார். இந்த மண் பூர்வீகக் குடிகளுக்குச் சொந்தமானது. ஆங்கில மன்னர் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை எழுதிக்கொடுக்க முடியாது. ஒரு கிறிஸ்தவ மன்னர் என்பதாலேயே பிறமதத்தவரின் நிலம் அவருக்கு உரிமையாகிவிடாது.

1635 ஒக்டோபரில் குடியேற்றத்தின் உயர் மன்றம் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது. நோயுற்றிருந்தார், மனைவியும் பிரசவத்தை நெருங்கியிருந்தார். அதனால் குளிர்காலம் முடியும்வரை தங்கலாம் என்றும் பிரசாரம் செய்யக் கூடாது என்றும் சொல்லப்பட்டது. அந்த மாத இறுதியில் பிறந்த பெண் குழந்தைக்குச் சுதந்திரமாகப் பிறந்தவள் என்று பொருள்படும் ஃப்ரீபோர்ன் என்ற பெயரை வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. 1636 ஜனவரியில் அவரைப் பிடித்துக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப முடிவெடுத்தனர். அங்கே சிறை காத்திருந்தது.

கருத்தில் அவரை எதிர்த்த ஜோன் வின்த்ரொப்பே இரகசியமாகச் செய்தி அனுப்பி எச்சரித்தார். அதிகாரிகள் வந்தபோது வீட்டில் அவர் இல்லை. மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டுவிட்டு, கடும் பனியில் காட்டுக்குள் இறங்கிவிட்டார். பதினான்கு வாரங்கள் அலைந்தார். தன் மதத்தவர்கள் விரட்டிய அந்த மனிதருக்குக் கிறிஸ்தவத்தை அறியாத பூர்வீகக் குடிகளே உணவும் கூரையும் கொடுத்தனர். வம்பனோக் தலைவர் மசசொயிட் அவருக்கு அடைக்கலம் தந்தார். மதம் வேறு, மனிதப் பண்பு வேறு என்பதை வில்லியம்ஸ் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர். அந்தப் பனிக்காலம் அதை அவருக்கு நேரில் காட்டியது.

உலகியல் காரியங்களில் மட்டும்

நரகன்செட் குலத் தலைவர்களான கனோனிகஸ், மியன்டனோமி ஆகியோரிடம் நிலம் பெற்று, 1636 இல் சிறிய குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார். துன்பத்தில் தன்னைக் காத்த இறைவனின் பராமரிப்பை நினைத்து அதற்குப் புரொவிடன்ஸ் என்று பெயரிட்டார். மதத்தை அரசிலிருந்து பிரித்த ஊருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்ததைக் கவனிக்க வேண்டும்.

அங்கு வந்து சேர்ந்தவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். பெரும்பான்மையினர் எடுக்கும் தீர்மானங்களுக்குக் கட்டுப்படுவோம், ஆனால் உலகியல் காரியங்களில் மட்டும் என்பதே அதன் சாரம். ஊருக்கென்று அரச தேவாலயம் இல்லை, போதகரைப் பராமரிக்க வரி இல்லை, வழிபாட்டுக்கு வராததற்கு அபராதமும் இல்லை. அன்றைய ஐரோப்பியர் பார்வையில் இது வெறும் குழப்பம். ஒரே மதம் இல்லாமல் ஒரு நாடு நிலைக்க முடியாது என்பதே அக்காலத்தின் பொது அறிவு.

இந்தக் கொள்கைக்கு முதல் சோதனை 1638 இல் வந்தது. யோசுவா வெரின் என்பவரின் மனைவி வில்லியம்ஸின் வீட்டில் நடந்த வழிபாட்டுக் கூட்டங்களுக்கு அடிக்கடி செல்ல விரும்பினார். கணவன் அவரை அடித்துத் தடுத்தான். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதும் இறை கட்டளைதானே, அதில் ஊர் தலையிடலாமா என்று சிலர் வாதிட்டனர். மனச்சாட்சியின் சுதந்திரத்தைத் தடுத்த குற்றத்துக்காக ஊர் மன்றம் வெரினின் வாக்குரிமையைப் பறித்தது. அவன் மனைவியையும் கட்டாயப்படுத்தி அழைத்துக்கொண்டு சேலத்துக்குத் திரும்பிவிட்டான். ஆகவே அந்தப் பெண்ணுக்கு முழு நீதி கிடைத்ததென்று சொல்ல முடியாது. ஆயினும் ஒரு பெண்ணின் மனச்சாட்சிக்காகக் குடும்பத் தலைவன் ஒருவனின் வாக்குரிமையைப் பறிக்க ஓர் ஊர் துணிந்தது அந்த நூற்றாண்டில் சிறிய விடயமல்ல.

நெருப்புக்குப் போன நூல்

சுற்றியிருந்த குடியேற்றங்கள் இந்தச் சிறிய ஊர்களை விழுங்கிவிடக் காத்திருந்தன. சட்டப் பாதுகாப்புத் தேடி வில்லியம்ஸ் 1643 இல் லண்டனுக்குப் பயணமானார். உள்நாட்டுப் போரில் மூழ்கியிருந்த இங்கிலாந்தில் பாராளுமன்றத்தின் ஆதரவைப் பெற்று, 1644 மார்ச்சில் சுயாட்சிக்கான சாசனத்தைப் பெற்றுக்கொண்டார். நரகன்செட் மக்களின் மொழியையும் வாழ்வையும் பற்றிக் கடற்பயணத்தின்போது எழுதிய நூலை 1643 இலேயே அங்கு வெளியிட்டிருந்தார். அவர்களுடைய விருந்தோம்பல், கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வோரை வெட்கப்பட வைக்கிறது என்ற கருத்து அதில் ஊடாடுகிறது.

1644 ஜூலையில் மனச்சாட்சிக்காகத் துன்புறுத்தும் கொடிய கோட்பாட்டைக் கண்டித்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார். உண்மை, சமாதானம் என்ற இரு பாத்திரங்கள் உரையாடுவதாக அமைந்த நூல் அது. நம்பிக்கை உள்ளத்திலிருந்து வருவது, வாள் அதை உண்டாக்க முடியாது, நயவஞ்சகர்களை மட்டுமே அது உண்டாக்கும் என்பது அவருடைய முதல் வாதம். வற்புறுத்தி வணங்க வைப்பது ஆன்மாவின் மீது செய்யும் வன்முறை. அதனால் இறைவனும் மகிழ்வதில்லை, நாட்டிலும் அமைதி வருவதில்லை.

நாடு நிலைக்க ஒரே மதம் தேவை என்பவர்களுக்கு எளிய உதாரணம் ஒன்றைக் காட்டினார். ஒரு நகரில் வைத்தியர் சங்கம் இருக்கிறது, கிழக்கிந்திய வர்த்தகர்களின் கம்பனி இருக்கிறது. அவற்றுக்குத் தம் சொந்த விதிகள் உண்டு. அவர்களுக்குள் பிணக்கு வரலாம், பிரிந்து போகலாம், கலைந்தும் போகலாம். அதனால் நகரின் அமைதி குலைவதில்லை. மதச் சபையும் நகரில் அத்தகைய ஒன்றுதான். அதன் சண்டையைத் தீர்க்க நகரத் தலைவர் வாளெடுக்க வேண்டியதில்லை.

அந்தச் சுதந்திரம் யாருக்கெல்லாம் என்பதிலும் அவர் மழுப்பவில்லை. புரொட்டஸ்தாந்துப் பிரிவினருக்கு மட்டும் என்று நிறுத்தவில்லை. கத்தோலிக்கர், யூதர், பூர்வீக மதத்தவர், துருக்கியர் என எல்லோரையும் பெயர் சொல்லிச் சேர்த்தார். அக்கால ஆங்கிலத்தில் துருக்கியர் என்றால் முஸ்லிம்கள். ஐரோப்பாவில் அந்தப் பெயரை அச்சத்தோடும் வெறுப்போடும் உச்சரித்த காலத்தில் இதை எழுதினார். 1644 ஓகஸ்டில் அந்த நூலைப் பகிரங்கமாக எரிக்கும்படி பாராளுமன்றம் கட்டளையிட்டது. அதற்குள் அவர் சாசனத்தோடு திரும்பிச் சென்றுகொண்டிருந்தார்.

கப்பலும் தலைவனும்

சாசனத்தைக் காப்பாற்ற 1651 இல் மீண்டும் லண்டன் சென்று 1654 இல் திரும்பினார். நரகன்செட் தலைவர்கள் அவரிடம் ஒரு கோரிக்கையை ஒப்படைத்திருந்தனர். தங்கள் மதத்தைக் கைவிடும்படி தங்களை நிர்ப்பந்திக்கக் கூடாது, மதம் மாறாததற்காகத் தங்கள் மீது போர் தொடுக்கக் கூடாது என்பதே அது. மதப் பிரசாரகரான வில்லியம்ஸ் அதை இங்கிலாந்தின் ஆட்சியாளர்களிடம் கொண்டு சேர்த்தார்.

திரும்பி வந்து குடியேற்றத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பிரச்சினை எழுந்தது. மனச்சாட்சிச் சுதந்திரம் இருப்பதால் ஊர்க்காவல் படையில் சேரவும் அதிகாரிகளுக்குக் கட்டுப்படவும் தேவையில்லை என்று சிலர் வாதிட்டனர். அவர்களுக்குப் பதிலாக 1655 இன் ஆரம்பத்தில் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய சிந்தனை முழுவதும் அதில் அடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

நாட்டை ஒரு கப்பலுக்கு ஒப்பிட்டார். அதில் கத்தோலிக்கர், புரொட்டஸ்தாந்தினர், யூதர், முஸ்லிம்கள் எல்லோரும் பயணிக்கிறார்கள். கப்பலில் நடக்கும் தொழுகைக்கு வரும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. எவரையும் அவரவர் வழிபாட்டிலிருந்து தடுக்கவும் கூடாது. ஆனால் கப்பலைச் செலுத்தும் திசையைத் தலைவன் தீர்மானிப்பான். பயணச் செலவைக் கொடுக்க மறுப்பவரையும், பாதுகாப்புக்கான பொது விதிகளை மீறுபவரையும் அவன் தண்டிக்கலாம். வழிபாட்டில் தலையிட அரசுக்கு உரிமையில்லை, பொதுக் கடமையிலிருந்து நழுவ வழிபாட்டைச் சாட்டாக்கவும் முடியாது. மதச்சார்பற்ற ஆட்சியின் இரு பக்கங்களையும் இவ்வளவு எளிமையாக விளக்கியவர்கள் குறைவு.

பிடிக்காதவர்களுக்கும் உரிமை

சகிப்புத்தன்மை பற்றிப் பேசுவது எளிது. நமக்கு உண்மையில் பிடிக்காத ஒருவர் வரும்போதுதான் அது சோதிக்கப்படுகிறது. வில்லியம்ஸுக்கு அந்தச் சோதனை குவேக்கர்கள் உருவில் வந்தது. உள்ளத்தில் தோன்றும் ஒளியே வழிகாட்டி என்ற அவர்களுடைய போதனையை அவர் ஆபத்தான வழிகேடாகக் கருதினார். மசாசுசெட்ஸ் அவர்களைச் சவுக்கால் அடித்தது, காதுகளை அறுத்தது, 1660 இல் மேரி டயர் என்ற பெண்ணைத் தூக்கிலிட்டது. அவர்களை விரட்டும்படி அயல் குடியேற்றங்கள் 1657 இல் ரோட் ஐலண்டை நெருக்கின. ரோட் ஐலண்ட் மறுத்துவிட்டது.

1672 இல், ஏறக்குறைய எழுபது வயதில், வில்லியம்ஸ் புரொவிடன்ஸிலிருந்து நியூபோர்ட் வரை தானே படகைத் துடுப்புப் போட்டுச் சென்றார். அங்கே குவேக்கர்களோடு மூன்று நாட்களும், புரொவிடன்ஸில் ஒரு நாளும் காரசாரமாக வாதிட்டார். பிறகு அவர்களைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூலும் எழுதினார். ஆனால் அவர்களில் ஒருவரையும் சிறையிலடைக்கவோ நாடுகடத்தவோ அவர் கேட்கவில்லை. தவறென்று கருதியதை வாதத்தால் எதிர்த்தார், சட்டத்தால் அல்ல.

இதற்கிடையே 1663 இல், அவரோடு உழைத்த ஜோன் கிளார்க்கின் முயற்சியால், மன்னர் இரண்டாம் சார்ள்ஸிடமிருந்து புதிய சாசனம் கிடைத்தது. பொது அமைதியைக் குலைக்காதவரை மத விடயத்தில் கருத்து வேறுபாட்டுக்காக எவரையும் துன்புறுத்தக் கூடாது என்ற உறுதி அதில் எழுதப்பட்டது. துன்புறுத்தலுக்கு ஆளான பலர் அங்கே வந்தனர். 1677 இல் நியூபோர்ட்டில் யூதர்கள் தமக்கென ஒரு மையவாடிக்கு நிலம் வாங்கினர். தம் மார்க்க முறைப்படி மரணித்தவர்களை அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலம் ஒரு சமூகத்துக்கு என்ன பொருள் தரும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு

வில்லியம்ஸை மாசற்றவராகக் காட்டுவது அவருக்கே அநீதி. 1675 இல் ஆங்கிலேயருக்கும் பூர்வீகக் குடிகளுக்கும் இடையே பெரும் போர் மூண்டது. 1676 மார்ச்சில் புரொவிடன்ஸ் எரிக்கப்பட்டது. அவருடைய வீடும் சாம்பலானது. போருக்குப் பின்னர் பிடிபட்ட பூர்வீகக் குடிகளைக் கட்டாய ஊழியத்துக்கு விற்ற ஏற்பாட்டில் அவரும் பங்கெடுத்தார். தனக்கு அடைக்கலம் கொடுத்த மக்களுக்கு அவர் கடைசியில் செய்தது அது. அந்தக் கறையை மறைக்க முடியாது.

அவர் அமைத்த ஆட்சியும் பிற்காலத்தில் வழுவியது. அவர் 1683 இல் காலமான பின்னர், 18 ஆம் நூற்றாண்டில், கத்தோலிக்கருக்கும் கிறிஸ்தவரல்லாதோருக்கும் குடியுரிமையை மறுக்கும் விதி ரோட் ஐலண்டின் சட்டத் தொகுப்பில் நுழைந்தது. 1762 இல் நியூபோர்ட்டின் யூத வணிகர் ஆரன் லோபஸின் விண்ணப்பத்தை நீதிமன்றம் நிராகரித்தது. சாசனத்தில் எழுதப்பட்டிருந்தால் போதாது, ஒவ்வொரு தலைமுறையும் காவலிருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

எனினும் விதை அழியவில்லை. தேவாலயத் தோட்டத்துக்கும் உலகமென்ற காட்டுக்கும் இடையே ஒரு மதில் வேண்டும் என்று வில்லியம்ஸ் 1644 இல் எழுதியிருந்தார். தோட்டத்தைக் காப்பதற்கான மதில் அது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, எந்த வழிபாட்டையும் தடுக்கக் கூடாது என்ற திருத்தம் 1791 இல் அமெரிக்க அரசியல் யாப்பில் சேர்ந்தது. 1802 இல் ஜனாதிபதி தோமஸ் ஜெஃபர்சன் அதை விளக்கியபோது அதே மதில் உருவகத்தைக் கையாண்டார். வில்லியம்ஸை விரட்டிய மசாசுசெட்ஸ், தேவாலயங்களுக்கான அரச ஆதரவை 1833 இல் கைவிட்டது. அவர் மீதான நாடுகடத்தல் தீர்ப்பை முறைப்படி இரத்துச் செய்ய அதற்கு 1936 வரை ஆனது.

இந்த வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். அரசு ஒரு மதத்துக்குச் சலுகை காட்டும்போது மற்ற மதத்தவர் பாதிக்கப்படுவது வெளிப்படையாகத் தெரிகிறது. அந்தச் சலுகை பெறும் மதமும் பாதிக்கப்படுகிறது என்பது எளிதில் தெரிவதில்லை. அது ஆட்சியாளனின் கருவியாகிறது. அதன் போதகர்கள் அவனுக்கு மறுப்புச் சொல்லும் துணிவை இழக்கிறார்கள். சிறுபான்மையாக இருக்குமிடத்தில் நடுநிலையான அரசைக் கேட்டுவிட்டு, பெரும்பான்மையாக இருக்குமிடத்தில் அதை மறந்துவிடுவது மசாசுசெட்ஸ் பியூரிட்டன்கள் செய்த தவறு. நமக்குள்ளேயே கருத்தில் வேறுபடும் ஒரு சிறு குழுவை அடக்க அதிகாரிகளின் உதவியை நாடுவதும் அதே தவறுதான். நமக்காக எந்த உரிமையைக் கேட்கிறோமோ அதை நமக்குப் பிடிக்காதவருக்கும் கேட்க முடிந்தால் மட்டுமே அது நீதியின் குரல். முடியாவிட்டால் அது நம் முறைக்காகக் காத்திருக்கும் அதிகார ஆசை மட்டுமே.